வாசகர் கேள்வி பதில்: மெல்ரோஸ்ல அரை நாள், ஈல்டன் மலையைச் சுத்தி ஒரு நடை

போன இதழ்ல ஸ்காட்லாந்து ஊர்கள்ல இருந்து கிளம்பி வட்டமா சுத்தி அதே ஊருக்கே வந்து சேர்ற நடைகளைப் பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைத்தான் சுத்துது, அதனால இந்த தடவை எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்குறேன்.

கேள்வி: அக்கா, நாங்க எடின்பரோவுக்கு குடிவந்து ரெண்டு வருஷம் ஆச்சு, கார் கிடையாது. இங்க இருக்குற ஆர்தர்ஸ் சீட் மலையை ஏறி ஏறி சலிச்சுப் போச்சு. காலைல கிளம்பி ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடணும், போன வழியிலயே திரும்பவும் கூடாது. அப்படி ஒண்ணு இருந்தா சொல்லுங்களேன். (வாசகி, லீத்)

மெல்ரோஸ் போங்கம்மா. ஈல்டன் மலைன்னு மூணு மலை பக்கத்து பக்கத்துல நிக்கும், அது அடிவாரத்துல ட்வீட் ஆத்தங்கரைல இருக்குற சின்ன ஊரு அது. எடின்பரோ வேவர்லி ஸ்டேஷன்ல ட்வீட்பேங்க் போற ரயிலைப் பிடிங்க, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், அதுதான் கடைசி ஸ்டேஷன். இந்த லைனை 1969 ஜனவரில மூடிட்டாங்க, அந்தப் பக்கத்து ஜனங்க வருஷக்கணக்கா விடாம கேட்டு கேட்டு 2015 செப்டம்பர்ல ட்வீட்பேங்க் வரைக்கும் திரும்ப வந்துச்சு, நம்மள மாதிரி கார் இல்லாதவங்க அரை நாள்ல மலை ஏறிட்டு வர முடியுதுன்னா அந்த ஜனங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். ட்வீட்பேங்க்ல இறங்கினா மெல்ரோஸுக்கு சுமார் 3 கிலோமீட்டர், பஸ்ஸும் இருக்கு, ஆத்தோரமா நடந்தும் போகலாம். கால்ல தெம்பு மலைக்கு வேணும்னு நினைச்சா போகும்போது பஸ், வரும்போது நடை, அதுதான் என் யோசனை.

வடக்கே ஹைலாண்ட்ஸ் மலைப்பகுதில இதைவிட பெரிய மலை, பேர் போன மலை நிறைய இருக்கு. ஆனா அங்க போய் சேரவே பாதி நாள் போயிடும். இங்க ஊர் நடுவுல மார்க்கெட் ஸ்கொயர்ல இருந்து நடக்க ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் சொச்சத்துல 422 மீட்டர் உச்சில நிக்கலாம், அங்கேயிருந்து தெற்கே பாத்தா இங்கிலாந்து எல்லையில இருக்குற செவியட் மலைத்தொடர் வரைக்கும் தெரியும். ஏறி இறங்கினதுக்கு அப்புறம் ரோமர் கோட்டை இருந்த இடம், பழைய கிராமம், அப்பறம் 12ம் நூற்றாண்டு மடாலயம்னு கீழ்ப்பாதியும் மேல்பாதிக்கு குறைஞ்சதில்ல.

கேள்வி: ஈல்டன் வட்டப்பாதையைக் கொஞ்சம் விவரமா சொல்ல முடியுமா? எந்தப் பக்கமா ஏறணும், எந்தப் பக்கமா இறங்கணும்? (வாசகர், கிளாஸ்கோ)

மார்க்கெட் ஸ்கொயர்ல இருந்து தெற்கே டிங்கில்டன் ரோடு மேடா ஏறும், பழைய ரயில்வே ஸ்டேஷன் கட்டடத்தைத் தாண்டி, பைபாஸ் பாலத்துக்கு அடியில புகுந்து கொஞ்ச தூரம் போனதும் இடது பக்கம் செயின்ட் கத்பர்ட்ஸ் வேன்னு போர்டு இருக்கும். அது மெல்ரோஸ்ல ஆரம்பிச்சு இங்கிலாந்துல லிண்டிஸ்ஃபார்ன் தீவு வரைக்கும் சுமார் 100 கிலோமீட்டர் போற நெடும்பாதை, நமக்கு அதோட முதல் துண்டு மட்டும் போதும். வீடுகளுக்கு நடுவுல நுழைஞ்சு போகும், அப்பறம் படி, படி, படி. மூச்சு வாங்கும், பரவால்ல, நின்னு நின்னு ஏறுங்க, இந்த நடையிலேயே ரொம்ப சிரமமான இடங்கள்ல இது ஒண்ணு, ஆரம்பத்துலயே வந்துடுது.

படி முடிஞ்சதும் வேலியோரமா புல்வெளி, ஒண்ணு ரெண்டு கேட், அதுக்கப்புறம் திறந்த மலை. பாதை நேரா நடு மலைக்கும் வடக்கு மலைக்கும் நடுவுல இருக்குற கணவாய்க்குப் போகும். அங்க நின்னு முடிவு பண்ணிக்கோங்க. வலது பக்கம் நடு மலை, அதுதான் உசரம், 422 மீட்டர், மேல எழுத்தாளர் சர் வால்டர் ஸ்காட் நினைவா எந்தத் திசையில எந்த மலைன்னு காட்டுற ஒரு பலகைத் தூண் வச்சிருக்காங்க. இடது பக்கம் வடக்கு மலை, 404 மீட்டர். நேரம் இருந்தா ரெண்டும் ஏறுங்க, ஒண்ணுதான் முடியும்னா பெரும்பாலானவங்க நடு மலைக்குப் போவாங்க, ஆனா நான் வடக்கு மலையைத்தான் சொல்லுவேன்.

ஏன்னா அந்த உச்சி முழுக்க ஒரு காலத்துல ஊர். சுமார் 300 குடிசைகளுக்கு மலையை வெட்டி சமப்படுத்தின இடங்கள் புல்லுக்கு அடியில இன்னும் தெரியுது, வெண்கலக் காலத்துலயே அங்க ஆளுங்க இருந்திருக்காங்க, ஸ்காட்லாந்துல இருக்குற மலைக்கோட்டைகள்லயே பெரியவற்றுல இதுவும் ஒண்ணு. நிறைய பேர் அந்தப் பள்ளங்கள் மேலேயே நடந்து போட்டோ எடுத்துட்டு இறங்கிடுறாங்க, அது என்னன்னே தெரியாம. வெயில் சாய்வா விழற நேரத்துல, அதாவது காலைலயோ சாயங்காலமோ, நிழல் விழுந்து வட்டம் வட்டமா நல்லா தெரியும், அஞ்சு நிமிஷம் நின்னு தேடிப் பாருங்க. ரோமர்களும் இதே உச்சில ஒரு காவல் மேடை கட்டி கீழ இருந்த கோட்டைக்கு சைகை கொடுத்திருக்காங்கன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க.

மலை எப்படி வந்துச்சுன்னும் சிலர் கேட்டிருந்தாங்க. மூணும் தனித்தனி எரிமலைன்னு நினைக்குறாங்க, அப்படி இல்ல. சுமார் 35 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமிக்கு அடியிலேருந்து எழும்பின பாறைக்குழம்பு மேல வர்றதுக்குள்ள உள்ளயே பாளம் பாளமா இறுகிடுச்சு, மேல மூடியிருந்த மெத்தான பாறை எல்லாம் கரைஞ்சு போக இந்த கெட்டிப் பாறை மட்டும் எழும்பி நிக்குது. சரிவுல செவந்த கல்லு சரிஞ்சு கிடக்கும், அங்க கால் வைக்கும்போது பாத்து வைங்க.

வடக்கு மலையிலேருந்து கிழக்குப் பக்கமா இறங்குற பாதையைப் பிடிச்சு அடிவாரத்துக்கு வந்தா பழைய சாலை ஒண்ணு வரும், அதோரமா ரைமர்ஸ் ஸ்டோன்னு ஒரு நினைவுக் கல் நிக்குது. அங்கேருந்து மெல்ரோஸ் பக்கமா திரும்பி, ரோமர் கோட்டை இருந்த இடத்துக்குப் பக்கத்துல இருக்குற நியூஸ்டெட் கிராமத்துக்குள்ள நுழைஞ்சு, பிரையர்ஸ் வாக்னு ஒரு சமதளப் பாதை இருக்கு, அது வழியா ஊருக்கு வந்தா மடாலயத்துக்குப் பக்கத்துல வந்து சேருவீங்க. மொத்தம் சுமார் 8 கிலோமீட்டர், கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். ஆர்டினன்ஸ் சர்வே மேப்ல எக்ஸ்ப்ளோரர் 338, இதை வாங்கி வச்சுக்கோங்க, மலை மேல குறுக்கும் நெடுக்கும் பாதை நிறைய இருக்குறதால போனை மட்டும் நம்பிப் போக வேணாம்.

கேள்வி: நடக்க ஆசைதான். ஆனா வயலுக்கு நடுவுல கேட்டைப் பாத்தாலே நானும் என் வீட்டுக்காரரும் அப்படியே திரும்பிடுறோம். யாரோ ஒருத்தரோட பண்ணைதானே, உள்ள போனா சத்தம் போடுவாங்களோ, போலீஸைக் கூப்பிடுவாங்களோன்னு பயமா இருக்கு. நம்ம முகத்தைப் பாத்தா இன்னும் சந்தேகப்படுவாங்களோன்னு வேற. (வாசகி, லிவிங்ஸ்டன்)

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த இதழ் முழுக்க இந்த விஷயத்தையே எடுத்தேன். இதே பயத்தை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கேன், வருஷக்கணக்கா இங்க இருந்துட்டு பார்க்கையும் கடைத்தெருவையும் தாண்டாதவங்க இருக்காங்க, காரணம் சோம்பல் இல்ல, இந்தத் தயக்கம்தான்.

திடமா சொல்றேன், உங்களுக்கு உரிமை இருக்கு. ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம்னு 2003ல வந்துச்சு, அதுல இருக்குற நடமாட்ட உரிமை 2005 பிப்ரவரியிலேருந்து நடைமுறையில இருக்கு. நிலம் யாரோடதா இருந்தாலும் பெரும்பாலான இடங்கள்ல நடந்தோ சைக்கிள்லயோ குதிரையிலயோ போகலாம், உக்காந்து சாப்பிடலாம், அனுமதி கேக்க வேண்டியதில்ல. குடியுரிமை, விசா, எத்தனை வருஷமா இருக்கீங்க, எதுவும் கணக்கில்ல, நேத்து வந்து இறங்கின உங்க மாமியாருக்கும் அதே உரிமைதான். இங்கிலாந்துல இருக்குற வாசகர்கள் கவனிக்கணும், அங்க சட்டம் வேற, குறிப்பிட்ட பாதைகள்லயும் மேப்ல குறிச்ச திறந்தவெளிகள்லயும் மட்டும்தான் அந்தச் சுதந்திரம்.

உரிமைன்னா பொறுப்பும் சேந்தே வருது, அதை ஸ்காட்டிஷ் அவுட்டோர் ஆக்சஸ் கோட்னு தனியா எழுதியே வச்சிருக்காங்க. வீட்டைச் சுத்தி இருக்குற தோட்டம், பள்ளிக்கூட வளாகம், இங்கல்லாம் இந்த உரிமை கிடையாது. பயிர் வளந்திருக்குற வயல்ல குறுக்க போகக்கூடாது, வரப்போரமா சுத்திப் போகலாம். கேட் மூடியிருந்தா திறந்து போயிட்டு மூடிடணும், திறந்திருந்தா திறந்தபடியே விட்டுடணும், ஏன்னா ஆடு தண்ணி குடிக்கப் போறதுக்காக பண்ணைக்காரரே திறந்து வச்சிருப்பாரு. பூட்டியிருந்து வேற வழியே இல்லாம ஏறித் தாண்டணும்னா கீல் இருக்குற பக்கமா ஏறுங்க, நடுவுல ஏறினா கேட் தொங்கிப் போயிடும்.

மாடு இருந்தா, அதுலயும் கன்னுக்குட்டியோட இருந்தா, சட்டம் கிடக்கட்டும், அந்த வயலைச் சுத்திப் போயிடுங்க. தாய்க்கும் கன்னுக்கும் நடுவுல மட்டும் மாட்டிக்காதீங்க. வசந்த காலத்துல ஆடு குட்டி போடுற சமயம், அப்ப ஆட்டு மந்தைக்குக் கிட்ட போகாம தள்ளியே நடங்க. நாய் கூட்டிட்டுப் போறவங்க குட்டி ஆடு, கன்னு இருக்குற வயலுக்குள்ள நாயோட நுழையவே கூடாது, மத்த இடத்துல கயிறைச் சின்னதா பிடிச்சுக்கோங்க. மாடு துரத்துச்சுன்னா மட்டும் கயிறை விட்டுடுங்க, நாய் ஓடித் தப்பிச்சுக்கும், மாட்டுக்கு கோபம் நாய் மேலதான், நீங்க பக்கத்துல இருக்குற வழியில வெளிய வந்துடுங்க.

முகத்தைப் பத்தி எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சப்ப மனசு கஷ்டமாதான் இருந்துச்சு. அந்த பயம் உங்க கற்பனைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஈல்டன் மாதிரி பாதைல எதிர்ல வர்றவங்க எல்லாரும் ஒரு ஹலோ சொல்லிட்டுத்தான் போவாங்க, நீங்களே முதல்ல சொல்லுங்க, ரெண்டு பேரைத் தாண்டினதும் தோள் தளர்ந்துடும். முதல் தடவை இன்னொரு குடும்பத்தையும் சேத்துட்டுப் போங்க. யாராவது பண்ணைக்காரர் நிறுத்திப் பேசினா பெரும்பாலும் இந்த வயல்ல மருந்து அடிக்குறோம், அந்தப் பக்கமா போங்கன்னு சொல்லத்தான் இருக்கும், அதைக் கேட்டு நடந்துக்குறதும் நம்ம கடமைதான்.

கேள்வி: எட்டு வயசுப் பையன், 64 வயசு அப்பா, ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனா எவ்வளவு நேரம் ஆகும்? அப்பாவுக்கு முழங்கால் வலி வேற. (வாசகர், டண்டீ)

நெய்ஸ்மித் கணக்குன்னு ஒண்ணு இருக்கு, வில்லியம் நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி 1892ல சொன்னது, இன்னிக்கும் மலைக்குப் போறவங்க இதை வச்சுத்தான் போடுறாங்க. தட்டையா 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம். நம்ம 8 கிலோமீட்டருக்கு ஒண்ணரை மணி நேரம் சொச்சம், ரெண்டு மலையும் சேத்து 400 மீட்டருக்குக் கொஞ்சம் மேல ஏத்தம், அதுக்கு முக்கால் மணி நேரம்னு வச்சுக்கோங்க, ஆக ரெண்டேகால் ரெண்டரை மணி. ஆனா அது நிக்காம நடக்குற தெம்பான ஆளோட கணக்கு. பையன் ஒவ்வொரு கல்லையும் எடுத்துப் பாப்பான், அப்பா உக்காருவாரு, அதனால நாலு மணி நேரம் வைங்க.

முழங்கால் வலின்னா ஏத்தத்தை விட இறக்கம்தான் படுத்தும். அவருக்கு நடைக்கம்பு ரெண்டு வாங்கிக் கொடுங்க, கணவாய் வரைக்கும் ஏறிட்டு அதே வழியில மெதுவா இறங்கட்டும். அதுவும் முடியாதுன்னா மலையை விட்டுட்டு மடாலயத்துலேருந்து பிரையர்ஸ் வாக் வழியா நியூஸ்டெட் போயிட்டு வந்து, அப்பறம் ஆத்தோரமா காட்டன்சைட் பக்கம் இருக்குற 1826ம் வருஷத்துத் தொங்குபாலம் வரைக்கும் நடக்கலாம், ரொம்ப அழகான இடம். அவர் கீழ நடக்க, நீங்களும் பையனும் மேல போயிட்டு வந்து மடாலய வாசல்ல சந்திச்சுக்கலாம்.

பையன்கிட்ட ஒரு வேலை கொடுங்க, மடாலயக் கூரைல பேக்பைப் வாசிக்குற பன்னி சிலை ஒண்ணு இருக்கு, அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. ஸ்காட்லாந்தை ஆண்ட ராபர்ட் புரூஸ் அரசரோட இதயத்தை அங்கதான் புதைச்சிருக்காங்க, ஈயப் பேழையில இருந்ததை 1996ல தோண்டி எடுத்து 1998ல திரும்ப அங்கேயே புதைச்சாங்க. இன்னொண்ணு, ஏழு பேர் ஆடுற ரக்பி பொறந்ததும் இந்த ஊர்லதான், 1883ல. மடாலயத்துக்குள்ள போற நேரம் மாறும், கிளம்புறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க.

கேள்வி: ரைமர்ஸ் ஸ்டோன் கதை என்ன? (வாசகி, அபர்டீன்)

13ம் நூற்றாண்டுல தாமஸ் தி ரைமர்னு ஒருத்தர், பக்கத்து ஊரான எர்ல்ஸ்டன்காரர், கவிஞர். ஈல்டன் மரத்தடியில அவர் படுத்திருந்தப்ப தேவதைகளோட ராணி வெள்ளைக் குதிரைல வந்து அவரைத் தன் உலகத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டா, ஏழு வருஷம் கழிச்சு திருப்பி அனுப்பும்போது பொய் பேச முடியாத நாக்கைக் கொடுத்து அனுப்பினா, அதிலேருந்து அவர் சொன்னதெல்லாம் பலிச்சுதுன்னு கதை. மரம் இப்ப இல்ல, அது நின்ன இடம்னு சொல்ற இடத்துலதான் 1929ல இந்தக் கல்லை நட்டாங்க. இறக்கம் முடிஞ்சு கால் வலிக்குற நேரத்துல வர்ற இடம், உக்காந்து தண்ணி குடிச்சுட்டு குழந்தைகளுக்குக் கதை சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கேள்வி: எந்த மாசம் போகலாம், என்ன போட்டுக்கணும்? (வாசகர், எடின்பரோ)

ஆகஸ்ட்ல ஹெதர் பூத்து மலை முழுக்க ஊதாவா இருக்கும், பாக்க முடிஞ்சா அப்ப பாருங்க. மே, ஜூன்ல வெளிச்சம் ராத்திரி ஒன்பது, பத்து மணி வரைக்கும் இருக்குறதால அவசரமே இல்ல. டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சுடும், அப்ப காலைல ஒன்பதரைக்கெல்லாம் நடக்க ஆரம்பிச்சுடணும், பைல ஒரு டார்ச் இருக்கணும்.

கீழ மார்க்கெட் ஸ்கொயர்ல காத்தே இல்லாம இருக்கும், கணவாய்ல ஏறினதும் ஆளைத் தள்ளும். அதனால காத்துக்கும் மழைக்கும் தாங்குற ஜாக்கெட் வெயில் நாள்லயும் பைல இருக்கட்டும். ஜீன்ஸ் வேணாம், நனைஞ்சா காயாது, உடம்புச் சூட்டை இழுத்துடும். அடியில நல்ல பிடிப்பு இருக்குற ஷூ அவசியம், மழைக்கு அப்புறம் அந்த மண்பாதை வழுக்கும். வானிலைக்கு மெட் ஆபீஸ்ல மெல்ரோஸ் ஊருக்குப் பாக்குறதோட நிறுத்தாம மலைக்குன்னு போடுற முன்னறிவிப்பையும் பாருங்க.

கேள்வி: உண்ணி கடிச்சா லைம் நோய் வரும்னு சொல்றாங்களே, குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா? (வாசகி, பெர்த்)

தாராளமா கூட்டிட்டுப் போங்கம்மா, வீட்டுக்கு வந்ததும் உடம்பைப் பாத்துட்டா போதும். எல்லா உண்ணிக்கும் அந்தக் கிருமி இருக்காது. உயரமான புல், பிராக்கன் செடி இருக்குற இடத்துல ஒதுங்காம பாதை நடுவுல நடக்கட்டும், பேண்டை சாக்ஸுக்குள்ள செருகி விடுங்க. சாயங்காலம் குளிக்க வைக்கும்போது அக்குள், தொடையிடுக்கு, முழங்கால் பின்பக்கம், காதுக்குப் பின்னாடி, தலைமுடிக்குள்ள எல்லாம் தேடுங்க. ஒட்டியிருந்தா உண்ணி எடுக்குற கொக்கி மருந்துக்கடைல கிடைக்கும், இல்லன்னா கூரான இடுக்கி, தோலை ஒட்டிப் பிடிச்சு மெதுவா மேல இழுங்க, நசுக்கக் கூடாது. தீக்குச்சி, எண்ணெய், வாசலின் எதுவும் வேணாம். எடுத்துட்டு அந்த இடத்தை சோப்புத் தண்ணில கழுவுங்க, தேதியைக் குறிச்சு வைங்க. பெரும்பாலும் நாலு வாரத்துக்குள்ள, சிலருக்கு மூணு மாசம் வரைக்கும் கூட, கடிச்ச இடத்தைச் சுத்தி வட்டமா செவந்து பரவினாலோ காய்ச்சல் மாதிரி இருந்தாலோ ஜிபி, அதாவது உங்க குடும்ப டாக்டர் கிட்ட போய் உண்ணி கடிச்சதையும் சேத்து சொல்லுங்க. சீக்கிரம் பாத்தா ஆன்டிபயாடிக் கொடுத்து குணப்படுத்திடுவாங்க.

கேள்வி: மேல இருக்கும்போது மூடுபனி வந்து வழி தெரியலன்னா என்ன செய்யுறது? (வாசகர், ஃபால்கர்க்)

உச்சியைப் பாக்கணும்ங்குற ஆசையை அன்னிக்கு விட்டுடுங்க. தெரியுற பாதையை விட்டு விலகாம கணவாய்க்கு வந்து, ஏறின வழியிலயே செயின்ட் கத்பர்ட்ஸ் வே குறியைப் பாத்து மெல்ரோஸ் பக்கம் இறங்குங்க, வட்டம் முடியலன்னா பரவால்ல. சரிவுல குறுக்கு வழி தேடினா ஹெதர்லயும் சரிகல்லுலயும்தான் மாட்டுவீங்க. அடிபட்டு நகரவே முடியலன்னா 999 அடிச்சு முதல்ல போலீஸ் கேளுங்க, அப்பறம் மவுண்டன் ரெஸ்க்யூ வேணும்னு சொல்லுங்க, இங்க அவங்களை அனுப்புறது போலீஸ் மூலமாத்தான், இதுக்குக் காசு கேக்க மாட்டாங்க. பேசுறதுக்கு சிக்னல் பத்தலன்னாலும் சில நேரம் மெசேஜ் போயிடும், ஆனா 999க்கு மெசேஜ் அனுப்பணும்னா முன்கூட்டியே பதிவு பண்ணியிருக்கணும். ரிஜிஸ்டர்ங்குற ஆங்கில வார்த்தையை டைப் பண்ணி 999க்கு அனுப்பினா பதில் வரும், அதுல சொல்றபடி செஞ்சா ரெண்டு நிமிஷ வேலைதான், வீட்டுல இருக்கும்போதே குடும்பத்துல எல்லார் போன்லயும் பண்ணி வச்சுடுங்க.